இரண்டாவது வரி

ஜனவரி 11

அண்ணிக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தது போல அது நடந்துகொள்கிறது. அண்ணாவின் முதுகுவலி குறைந்ததா? உங்கள் கண்ணெரிச்சல்?

நாத்தனார் அண்ணிக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் ஏதோ கலகம் என்று உலகம் சொல்லும். இது கலகமில்லை, வேலை. போனில் பேசலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நடுநடுவே "அவன் சாப்பிட்டானா கேளு" என்கிறார். அதனால்தான் மின்னஞ்சல்.

என் பயிற்சிக்கூடத்துக்கு ஒரு வங்கி கழித்துக்கட்டிய கணினிகள் முப்பத்தொன்று வந்திருக்கின்றன, எங்கள் முதல்வர் அறைக்கு ஒன்று, கணினி அறைக்கு முப்பது. கணினி அறைக்கு நான்தானே பொறுப்பு. காலையில் பணம் கட்டிப் படிக்கிறவர்கள் வருகிறார்கள்: கணக்குப் பதிவு, வரைபடம். மதியம் இலவச வகுப்பு: தட்டச்சு, இணையம். நகராட்சி கட்டடத்தைக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை அது. இல்லாவிட்டால் எங்கள் முதல்வர் இலவசம் என்ற சொல்லை வாயால்கூடச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு பாடமும் தனித்தனி இயங்குதளத்தில் ஓடுகிறது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையில் இப்போது ஒரு பெரிய பட்டியல் நிற்கிறது. பழைய பதிப்பு, அதற்கும் பழைய பதிப்பு, பழுது பார்க்கும் வரி, வங்கிக்காரர்கள் எதற்கோ வைத்த வரி. பாதி திரைக்குக் கீழே போய்விட்டது. பிள்ளைகள் எதையாவது அழுத்திவிட்டு, "மிஸ், என் கம்ப்யூட்டருக்கு என்னைப் பிடிக்கல" என்று கூப்பிடுகிறார்கள்.

அண்ணாவிடம் கேட்டேன். "உன் அண்ணி அந்தக் கறுப்புத் திரையிலதான் குடும்பம் நடத்துறா. அவகிட்டயே கேளு" என்றார். கேட்கிறேன்.

அம்மா ஆசி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

குண்டூசி


ஜனவரி 16

குண்டூசிக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் அண்ணாவின் முதுகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்கிறது, அதுவும் துணி காயப்போடச் சொன்னால். அத்தைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ சொல்லும் கறுப்புத் திரைக்குப் பெயர் பூட் லோடர். மின்சாரம் நுழைந்ததும் கணினியில் முதலில் கண் விழிப்பது அதுதான். யாரை எழுப்ப வேண்டும் என்று கேட்கும், எழுப்பும், ஒதுங்கிவிடும். நாங்கள் எழுதுவது திறந்த நிரல். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். திருத்தத்தை ஒரு மடற்குழுவுக்கு, அதாவது மின்னஞ்சல் குழுவுக்கு, அனுப்ப வேண்டும். அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லலாம், சொல்கிறார்கள். மெனு பகுதிக்கு வரும் திருத்தங்களை ஏற்பதும் தள்ளுவதும் என் பொறுப்பு; அந்தப் பொறுப்புக்குப் பெயர் பராமரிப்பாளர். சம்பளம் கிடையாது. உன் அண்ணா இதை "ஊர் வேலை" என்பார்.

உனக்குத் தேவை மெனுவுக்குள் மெனு. மேலே நாலு வரி, ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே அதனதன் வரிகள். கேட்கச் சுலபம். எதை மேலே வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்பதில்தான் சண்டையே. இரண்டு வருஷமாக அதில்தான் மல்லுக்கட்டுகிறேன்.

உன் அறையில் யார் உட்காருகிறார்கள்? எதைத் தேடி வருகிறார்கள்? இந்த இரண்டையும் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


ஜனவரி 20

அண்ணிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். "அவ சொன்னாத்தான் உனக்கு என் முழங்கால் ஞாபகம் வருமா" என்று திட்டு வாங்கினேன். மற்றபடி நலம்.

யார் உட்காருகிறார்கள் என்று முதல்வரிடம் கேட்டேன். "ஃபீஸ் கட்டினவங்க, கட்டாதவங்க. வேற என்ன?" என்றார். கட்டியவர்களுக்கு எல்லாம் திறந்திருக்க வேண்டுமாம். மதியம் மெனு தானாக மாறி, தட்டச்சும் இணையமும் மட்டும் திறந்திருக்க வேண்டும். கணக்குக்கும் வரைபடத்துக்கும் பூட்டு. அவர் சொன்னார், எழுதுகிறேன். முடியுமா?

அண்ணாவுக்கு என் அன்பு. துணியை அவரே காயப்போடட்டும்.

குண்டூசி


பிப்ரவரி 8

குண்டூசிக்கு,

நலம், நலமே விழைகிறேன். கண் எரிகிறதுதான், ஆனால் மகிழ்ச்சியில்.

கோப்பை இணைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு உள்மெனுவுக்கும் நிபந்தனை வைக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து மாறும், பாஸ்வேர்டு கேட்கும், ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகும். உனக்காகத் தொடங்கியது, கடைசியில் எல்லோருக்குமான திருத்தமாகிவிட்டது. மடற்குழுவில் ஏற்றுக்கொண்டார்கள். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத தலைமைப் பராமரிப்பாளர் "பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறார். அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பூட்டு எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டாய், செய்தேன். ஆனால் பூட்டிய வரியும் திரையில் தெரியும். அங்கே ஒன்று இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன்.

உன் அண்ணாவின் கம்பெனி பள்ளிகளுக்குக் கணினி விற்கப் புதுப் பிரிவு தொடங்கியிருக்கிறது. அதில் நிரல் எழுத இவரைப் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒப்பந்த வேலைதான். மே மாதம் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இந்தத் தடவை விடக்கூடாது" என்று தூக்கத்தில்கூடச் சொல்கிறார்.

அத்தைக்கு வணக்கம்.

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணிக்கு,

அம்மா இரண்டு படி ஏறினார். அதை நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னார். அங்கே சுகம்தானே?

உங்கள் மெனு அற்புதம். முதல்வர் உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். முழுதாக ஒரு வாரம்கூட ஆடவில்லை.

மதிய வகுப்பில் ஒரு தையல் அக்கா. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வருகிறவர். திரையைக் காட்டிக் கேட்டார்:

"மிஸ், கணக்குன்னு ஒண்ணு இருக்கே, அதுல என்ன இருக்கு?"

"கணக்குப் பதிவு. கடைக்கு, கம்பெனிக்குக் கணக்கு எழுதுறது."

"அதத்தானே நான் கத்துக்க வந்தேன். தட்டச்சு கத்துக்கிட்டு நான் யாருக்கு லெட்டர் போடப் போறேன்?"

"அது காலை வகுப்புக்கு அக்கா."

"காலையில நான் தைச்சிட்டு இருப்பேன். மத்தியானம் இந்தக் கணக்கு சும்மாத்தானே கெடக்கு? பூட்டி வெச்சா அதுக்கு ஓய்வா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பிறகு ஆளுக்கு ஆள் அந்தப் பூட்டை அழுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். தினமும் கேட்கிறார்கள். கடைசியில் "ரூல்ஸ்" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது!

முதல்வரிடம் திறந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பூட்டு தெரியறதாலதான் கேக்கறாங்க. தெரியலன்னா எதுக்குக் கேக்கப் போறாங்க? மறைச்சிடுங்க."

அண்ணி, எனக்கு ஓர் உதவி. மறைப்பது தொழில்நுட்பப்படி முடியாது என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை அவர் மேஜையில் வைத்துவிடுகிறேன்.

குண்டூசி


மார்ச் 19

குண்டூசிக்கு,

தாமதத்துக்குக் கண்ணைக் காரணம் சொல்லலாம். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

முடியாது என்று எழுத மாட்டேன். முடியும். இன்று பொய்யாக "முடியாது" என்றால், நாளைக்கு நான் "கூடாது" என்பதற்கு யார் காது கொடுப்பார்கள்?

இதே கோரிக்கை ஒரு கம்பெனியிடமிருந்து மடற்குழுவுக்கு வந்திருக்கிறது, நிரல் திருத்தமாகவே எழுதி. தள்ளிவிட்டேன்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல். உன் அண்ணா தாமதமாக வருகிறார். வானிலை நன்றாக இருக்கிறது. அத்தையைப் படியேற விடாதே.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

வானிலை நன்றாக இருக்கிறதா? மகிழ்ச்சி. இங்கே அம்மா நலம், நான் கொதிக்கிறேன்.

மடற்குழுவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றீர்களே, நாத்தனாரும் அந்த யாரில் சேர்த்திதானே. படித்தேன். அந்தத் திருத்தத்தை அனுப்பியது அண்ணா.

"மதிப்பிற்குரிய பராமரிப்பாளருக்கு" என்று தொடங்கியிருக்கிறார். கல்யாணமான நாள் முதல் அவர் உங்களுக்குக் கொடுத்த முதல் மரியாதை அதுவாகத்தான் இருக்கும். நீங்கள், "தங்கள் திருத்தத்துக்கு நன்றி. ஏற்பதற்கில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர், "வாடிக்கையாளர்கள் இதைக் கேட்கிறார்கள்." நீங்கள், "வாடிக்கையாளர் என்பது கணினியை வாங்கியவரா, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரா?" அதற்குப் பிறகு நாலு நாள் பதிலில்லை. அந்த நாலு நாளும் உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள் அண்ணி? எங்கோ இருக்கும் ஒருவர், நீங்கள் இருவரும் எவ்வளவு நாகரிகமாக வாதாடுகிறீர்கள் என்று வேறு பாராட்டியிருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

நீங்கள் தள்ளி என்ன ஆயிற்று? யாரும் திருத்தலாம் என்றால் கம்பெனியும் திருத்தலாம். போன வாரம் அண்ணாவின் கம்பெனி ஆட்கள் வந்து, உங்கள் மெனுவை எடுத்துவிட்டு அந்தத் திருத்தம் போட்டதை வைத்துவிட்டார்கள். முதல்வரே கூப்பிட்டிருக்கிறார். அண்ணா வரவில்லை. வரத் தைரியமில்லை என்று நான் சொல்வேன்.

இப்போது காலையில் ஐந்து வரி. முதலில் கணக்கு. இரண்டாவது "புதிதாக நிறுவு". கம்பெனிக்காரர்கள் தங்கள் வசதிக்கு வைத்தது. அதை எடுத்தால் கணினியின் ஹார்டு டிஸ்க்கை முழுக்கத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் ஆதியிலிருந்து போடும். உறுதியா என்று ஒரு கேள்விகூடக் கேட்காது. "முப்பது மெஷினுக்கும் ஆமா ஆமான்னு அழுத்திட்டு நிக்க முடியுமா மேடம்?" என்றார்கள். பிறகு வரைபடம், தட்டச்சு, இணையம். கடைசியாக எதை எடுத்தோமோ அதை நினைவில் வைத்திருந்து, பத்து எண்ணுவதற்குள் யாரும் எதையும் தொடாவிட்டால் தானே தொடங்கிவிடும். அதுவும் அவர்கள் கொண்டுவந்த வசதி.

மதியத்தில் இரண்டே வரி. தட்டச்சு, இணையம். கணக்கு என்ற சொல்லே இல்லை. தையல் அக்கா திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மிஸ், பூட்டையே திருடிட்டாங்களா?"

என்னிடம் மறைத்தீர்கள் அண்ணி. அண்ணா கணக்கை மறைத்தார், நீங்கள் அண்ணாவை மறைத்தீர்கள். நல்ல ஜோடி.

குண்டூசி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபத்தில் எழுதினேன், எழுதியது எதையும் திரும்பப் பெறவில்லை. நலமா?

இங்கே நலமில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல மெயின் சுவிட்சைப் போட்டேன். முப்பதும் எழுந்தன. ஜன்னல்களைத் திறக்கப் போனேன். திரும்பி வந்தபோது முப்பது திரையிலும் ஒரே நீலப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி, அது துடைத்துக்கொண்டிருந்தது. காலை வகுப்பு பரீட்சைக்காக மூன்று மாதம் செய்த கணக்கேடுகள், வரைபடங்கள், எல்லாம். பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கி என்ன?

முதல்வர் காலை வகுப்பு முழுவதையும் நிற்க வைத்துக்கொண்டு கேட்டார்: "சுவிட்சைப் போட்டது யாரு?" நான்தான் என்றேன். "அப்ப யாரு தப்பு?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்டார். பணம் கட்டிய பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறேன்.

ஊழியர் தவறான வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று கம்பெனி எழுதிவிட்டது. நானும் அப்படியே எழுதி மன்னிப்புக் கேட்டால் வேலை நிற்குமாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வரவேண்டாமாம். அம்மாவின் மருந்தும் வாடகையும் என் ஒரு சம்பளத்தில்தான் ஓடுகின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணா போன் செய்தார். "ஒரு கையெழுத்துதானே குண்டூசி. போட்டுட்டா வேலை தப்பிக்கும்" என்றார். "யாரோட வேலைண்ணா?" என்றேன். பேச்சு நின்றுவிட்டது. அம்மா பக்கத்திலிருந்து, "லைன் போச்சா?" என்றார்.

சுவிட்சைத் தவிர நான் எதையும் தொடவில்லை. எப்போதும் தட்டச்சோடுதான் நாள் முடியும்; முந்தின வேலை நாள் மதியம் மட்டும் எல்லோரும் இணைய வகுப்பில் இருந்தார்கள். ஒழுங்காக அணைத்துவிட்டுத்தான் போனார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். சொல்லுங்கள்.

குண்டூசி


ஏப்ரல் 24

குண்டூசிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு மருந்து தீர்ந்திருந்தால் எழுது, அனுப்புகிறேன்.

பார்க்கிறேன். உன் அண்ணாவை நிரந்தரம் செய்யும் முடிவு அடுத்த மாதம் நடுவில்.

கையெழுத்துப் போடாதே. இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

அண்ணி


மே 1

அண்ணிக்கு,

அம்மாவின் மருந்து இருக்கிறது. என் பொறுமைதான் தீர்ந்துவிட்டது.

"பார்க்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? எங்கள் முதல்வர் சம்பள உயர்வு கேட்டால் சொல்கிற சொல் அது. காரணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் எழுத வரவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று நம்ப நான் சின்னப் பிள்ளை இல்லை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் நாத்தனார், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. புரிகிறது. ஆனால் அண்ணி, மத்தளம் சத்தமாவது போடும்.

மாதக் கடைசி போய்விட்டது. என் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் முதல்வர் கெடுவை நீட்டியிருக்கிறார். இரக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலை வகுப்பு என்னோடு பேசுவதில்லை. மதிய வகுப்பு எனக்கு டீ வாங்கி வந்து வைக்கிறது.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. செய்யாததைச் செய்தேன் என்று எழுத என் கை வளையாது.

குண்டூசி


மே 6

குண்டூசிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மதியத்தில் திரையில் தெரிவது இரண்டு வரி. இணையம் இரண்டாவது. அதை எடுத்தவுடன் கணினி "இரண்டு" என்று எழுதி வைத்துக்கொள்கிறது. பெயரை எழுதுவதில்லை, எண்ணை மட்டும். மறுநாள் காலை ஐந்து வரி வருகிறது. கணினி போன தடவை எடுத்த இரண்டைத் தேடுகிறது. காலையில் இரண்டாவது வரி எது என்று உனக்கே தெரியும். மறைத்து வைத்தால் வரிகள் இல்லாமல் போய்விடுவதில்லை. காலையில் தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்து எண்ணிக்கையை மாற்றிவிடுகின்றன. மெனுவில் அடுக்கு வைத்து எழுதுகிற ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. உன் அண்ணா செய்தது வேண்டுமென்று இல்லை. அவசரத்தில்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே கண்டுபிடித்தேன். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அந்தத் திரையை மறுபடி மறுபடி பார்த்தார். "முடிவு வர்ற வரைக்கும் பொறுத்துப் போடேன்" என்றார். "உன் தங்கச்சி?" என்றேன். "அவளுக்கு வேற வேலை வாங்கித் தரலாம். எனக்கு இந்த வயசுல யார் தருவாங்க?" என்றார். பொறுத்தேன். பிறகு நீ மத்தளம் என்றாய்.

நேற்றுக் காலை மடற்குழுவில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். எந்த வரியில் தப்பு, எப்படிச் செய்து பார்க்கலாம், யாருடைய திருத்தம். ஒன்றையும் விடவில்லை. கீழே என் பெயரில்தான் போட்டேன். உலகம் படித்துவிட்டது. வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அவர் டீ அவருக்கு, என் டீ எனக்கு.

நான் சொல்வது தவறு என்று உங்கள் பயிற்சிக்கூடத்தில் வந்து விளக்கக் கம்பெனி ஆள் அனுப்புகிறது. யார் என்பதை நீ முன்பே தெரிந்துகொள்வது நல்லது. உன் அண்ணாதான்.

அண்ணி


மே 17

அண்ணிக்கு,

அம்மா நலம். நானும் நலம், பல மாதத்துக்குப் பிறகு நிஜமாகவே.

நேற்று மதியம் அண்ணா வந்தார். முதல்வர் அறையில் கூட்டம். காலை வகுப்பிலிருந்து நாலு பேரை வரச் சொல்லியிருந்தார், நான் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க. மதிய வகுப்பை யாரும் கூப்பிடவில்லை; அவர்களாகவே வந்து கதவோரம் நின்றார்கள். அண்ணா என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்: "எங்கள் மெனுவில் இவ்வாறு நிகழ வாய்ப்பே இல்லை."

"சரிங்க சார்" என்றேன். அண்ணாவை நான் சார் என்றது அதுதான் முதல் தடவை. அவர் காது சிவந்துபோயிற்று.

முதல்வரின் கணினியும் அதே வங்கிச் சரக்குதான், அதே மெனுதான். "இதுலயே செஞ்சு காட்டட்டுமா சார்?" என்று கேட்டேன். "காட்டும்மா, எனக்கென்ன பயம்?" என்றார். மதியம் என்பதால் இரண்டு வரி. இரண்டாவதை, இணையத்தை எடுத்தேன். அணைத்தேன். கணினியின் கடிகாரத்தைக் காலைக்குத் திருப்பி மறுபடி போட்டேன். ஐந்து வரி வந்தது. வெள்ளைப் பட்டை இரண்டாவதில் போய் உட்கார்ந்தது: புதிதாக நிறுவு. பத்து. ஒன்பது.

"என்னம்மா இது?" என்று முதல்வர் எழுந்துவிட்டார். இந்த வருஷ மதிப்பெண்கள், கட்டணப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான்.

"ஒண்ணும் ஆகாது சார். வாய்ப்பே இல்லன்னு கம்பெனி சொல்லுது. யாரும் கை வைக்காதீங்க" என்று நான் பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏழு. ஆறு. முதல்வர் அண்ணாவைப் பார்க்கிறார். அண்ணா திரையைப் பார்க்கிறார். ஐந்து. நகல் எடுத்து வைத்திருந்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. எடுத்திருந்தால் என் முகம் காட்டிக் கொடுத்திருக்கும்.

நாலில் அண்ணா பாய்ந்தார். மேஜையிலிருந்த டீ கவிழ்ந்தது. அம்புக்குறி விசையை அடித்தார். எண்ணுவது நின்றது. விசைப்பலகைமேல் கையை வைத்தபடியே நின்றார், எடுக்கவே இல்லை.

கதவோரமிருந்து தையல் அக்காதான் பேசினார்: "வாய்ப்பே இல்லாததுக்கு எதுக்கு சார் இவ்வளவு வேகம்?"

யாரும் சிரிக்கவில்லை. காலை வகுப்பின் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"சரிம்மா, அந்த மன்னிப்பு விஷயத்தை விட்டுடலாம்" என்றார் முதல்வர்.

"விட முடியாது சார். எல்லாரையும் நிக்க வெச்சு என் தப்புன்னு சொன்னீங்க. எல்லாரையும் நிக்க வெச்சு இல்லன்னு சொல்லணும்."

இன்று காலை சொன்னார். முதலில் "இயந்திரக் கோளாறு" என்று வழவழவென்று இழுத்தார். நான் கையைத் தூக்கினேன். "யார் தப்பு இல்லன்னு சொல்லுங்க சார்." சொன்னார். இஞ்சி தின்ற முகத்தோடு சொன்னார், ஆனால் சொன்னார்.

மதியத்துக்குள் முப்பதிலும், முதல்வர் அறையிலும் உங்கள் மெனுவைத் திரும்பப் போட்டுவிட்டேன். பூட்டு இல்லாமல். காலையும் மதியமும் ஒரே மெனு. தையல் அக்கா கணக்கைத் திறந்து, வரவு எது செலவு எது என்று பக்கத்து ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முதல்வர் வாசலில் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இதைத் திறந்தீங்க?"

"பழைய மெனு வேணும்னா சொல்லுங்க சார். இப்பவே உங்க ரூம் மெஷின்லருந்து ஆரம்பிச்சுப் போட்டுடறேன்."

போய்விட்டார். நாளைக்கு வேறு ஏதாவது கொண்டு வருவார். வரட்டும். அறையின் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அண்ணா நேற்று இரவு இங்கேதான் தங்கினார். அம்மா பரிமாறினார், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவும்போது, "உனக்கும் அவளுக்கும் நான்தான் கிடைச்சேனா?" என்று கேட்டார்.

"நாங்க யாரும் உங்களை இழுக்கலண்ணா. நீங்கதான் கையை நீட்டினீங்க. நீட்டாம நின்னிருந்தா, அதுவும் என் தப்புன்னு எழுதிட்டு உங்க கம்பெனி இன்னைக்கு உங்களைத் தோள்ல தூக்கியிருக்கும்."

கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. காலையில் கிளம்பும் முன் என் கணினியைக் கேட்டு வாங்கி, உங்கள் மடற்குழுவில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் இந்நேரம் படித்திருப்பீர்கள்.

இரவுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார். சோறு வையுங்கள், கதவைத் திறங்கள். ஆனால் அண்ணி, முதலில் நீங்கள் பேசாதீர்கள். அவர் பேசட்டும்.

குண்டூசி